பேக்கர் துரையின் பெருந்துப்பாக்கிகள்

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் மகாவலியைக் கடந்து, அக்குறணைக் கடைத்தெருவின் சந்தடியும் ஓய்ந்தபின் வருவது அலவத்துகொட. இவ்வூரில் ஆசிரியத் தொழில் புரியும் எனக்கு நெடுநாளாக ஒரு விந்தைப் பழக்கம் உண்டு. பழைய பெருவாய்த் துப்பாக்கிகளைச் சேகரிப்பதே அது. துப்பாக்கி என்றவுடன் நேயர்கள் அஞ்சவேண்டியதில்லை. என் சேகரத்தில் இரும்பும் இல்லை, மருந்தும் இல்லை. உள்ளது ஒரு கொப்பி மாத்திரமே. நூதனசாலைகளிற் கண்டவை, நூல்களிற் படித்தவை, சீமை ஏல விற்பனைப் பட்டியல்களில் அகப்பட்டவை ஆகிய பழந்துப்பாக்கிகளின் விபரங்களைக் கோடிட்ட பத்திகளில் எழுதி வைத்திருக்கிறேன். செய்தவர் யார், குழலின் எண் யாது, நிறை எவ்வளவு, எந்த ஆண்டிற்குரியது என்பன அப்பத்திகள். செல்வந்தர் பொருளைச் சேகரிப்பர். ஆசிரியனுக்கு விபரந்தான் கட்டுபடியாகும்.

இக்கொப்பியில் ஒருவருடைய பெயர் மீண்டும் மீண்டும் வந்துகொண்டேயிருந்தது. அவர் சாமுவேல் வைற் பேக்கர். நைல் நதியின் தோற்றுவாயைத் தேடிச் சென்று அல்பேட் ஏரியைக் கண்டவர் என்று சரித்திர நூல்கள் அவரைக் கூறும். ஹோட்டன் சமவெளிக்குச் சுற்றுலாச் செல்லும் மாணவர் அவர் பெயர் தாங்கிய நீர்வீழ்ச்சியைப் பார்த்துத் திரும்புகின்றனர். நானோ அவரைத் துப்பாக்கிகளின் வழியாகவே அறிந்தேன். அவருடைய சரிதத்தை இங்குச் சொல்லப் புகுவதும் அவ்வழியாகத்தான்.

முதலிலே துப்பாக்கியின் எண்ணைப்பற்றிச் சிறிது கூறவேண்டும். ஓர் இறாத்தல் ஈயத்தைச் சமமான உருண்டைகளாக வார்த்தால், குழலின் வாய்க்குச் சரியாகப் பொருந்தும் உருண்டைகள் எத்தனை கிடைக்குமோ அதுவே அத்துப்பாக்கியின் எண். பன்னிரண்டு கிடைப்பின் அது 12-ஆம் எண். இன்று கமக்காரர் பயிரைக் காக்க வைத்திருக்கும் சாதாரண ரவைத் துப்பாக்கி இவ்வகையைச் சார்ந்தது. அதன் வாய் 18.5 மில்லிமீற்றர். பத்துக் கிடைப்பின் 10-ஆம் எண்; வாய் 20 மில்லிமீற்றருக்குச் சற்றே குறைவு. நான்கே கிடைப்பின் 4-ஆம் எண்; வாய் ஓர் அங்குலத்திற்கும் மேல்; ஒவ்வோர் உருண்டையும் நான்கு அவுன்சு. எண் குறையக் குறைய வாய் பெருக்கும் இத் தலைகீழ்க் கணக்கு மாணவருக்கு முதலில் மயக்கந் தரும். எனக்கும் தந்தது.

வாய் ஏன் அவ்வளவு பெருக்கவேண்டும்? அக்காலத்தில் இருந்தது கருமருந்து. அது எரிந்து குண்டைத் தள்ளும் வேகத்திற்கு ஓர் எல்லை உண்டு. ஈயமோ மென்மையான உலோகம். தடித்த எலும்பிற் பட்டால் நசுங்கிவிடும். வேகத்தைக் கூட்ட இயலாதவிடத்து நிறையைக் கூட்டினர். குண்டின் நிறையைக் கூட்டினால் வாயைப் பெருக்கவேண்டும். வாயைப் பெருக்கினால் உதைப்பைத் தாங்கும் பொருட்டுத் துப்பாக்கியின் நிறையையும் கூட்டவேண்டும். நீர்ப்பறவைக் கூட்டங்களை ஒரே வெடியில் வீழ்த்துவதற்கென்று சீமையில் 8-ஆம், 4-ஆம் எண் ரவைத் துப்பாக்கிகள் எழுந்ததும், யானைக்கென்று அதே எண்களிற் குண்டுத் துப்பாக்கிகள் எழுந்ததும் இவ்வாறுதான். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிற் புகையில்லா மருந்து பரவியதும் இவற்றின் தேவை அற்றுப்போயிற்று. கேட்பவரின் அளவுக்கும் விருப்புக்கும் ஏற்ப ஒவ்வொன்றாகக் கையாற் செய்யப்பட்டவையாதலால் தொடக்கத்திலேயே அவை சில. அச்சிலவற்றினும் பலவற்றின் குழலைக் கருமருந்தின் எச்சம் அரித்துவிட்டது. எஞ்சியவற்றையே இன்று சேகரிப்போர் தேடித் திரிகின்றனர். இரும்பையும் உருக்கையும் கீற்றுக் கீற்றாக முறுக்கி ஒட்டிய குழலின் மேலே நீரலை போல வரிகள் ஓடும். அந்த அழகுக்காகவே விலைகொடுப்பாரும் உளர்.

பேக்கர் 1821 ஜூன் 8-இல் இலண்டனிற் பிறந்தார். தந்தையார் ஜமைக்காவிலும் மொரீசியசிலும் கரும்புத் தோட்டங்கள் உடைய பெருவணிகர். பள்ளிப் படிப்பில் மைந்தர் பெரிதாகச் சிறந்தார் என்று சொல்வதற்கில்லை. ஆனால் 1840-இல், பத்தொன்பதாவது வயதில், பிறிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்னும் துப்பாக்கித் தொழிலாளரிடம் தம் சொந்தக் கருத்துப்படி ஒரு துப்பாக்கியைச் செய்வித்தார். அதன் நிறை 21 இறாத்தல். குழல் 36 அங்குல நீளம். குண்டைச் சுழற்றிச் செலுத்துவதற்காகக் குழலினுள்ளே இரண்டு சால்கள். உருண்டைக் குண்டாயின் 3 அவுன்சு. கூம்புக் குண்டாயின் 4 அவுன்சு. ஒரு முறைக்கு இடும் மருந்து 16 திராம், அதாவது முழுமையாக ஓர் அவுன்சு. இக்காலத்து 12-ஆம் எண் ரவைத் தோட்டாவிற்கு மூன்று திராமுக்குச் சற்று மேற்பட்ட மருந்தே அளவு என்பதை நோக்குமிடத்து, அவ்விளைஞர் கேட்டதன் பெருமை விளங்கும். சரித்திரத்தில் இடம்பெறுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே, துப்பாக்கிச் சேகரிப்போரின் ஏட்டில் அவர் இடம்பெற்றுவிட்டார்.

1843-இல் குளோஸ்ரரைச் சார்ந்த ஒரு குருவானவரின் மகளாகிய ஹென்றியேற்றாவை மணந்தார். மொரீசியசிலே தந்தையாரின் தோட்டத்தைச் சில காலம் மேற்பார்த்தார். அத்தொழில் அவருக்கு ஒட்டவில்லை. யானை வேட்டையின் ஆசை உந்த 1846-இல் இலங்கைக்கு வந்து சேர்ந்தார்.

வந்த புதிதில் மின்னேரியாக் குளக்கரையில் நடந்த ஒரு சம்பவத்தை அவரே பிற்காலத்தில் எழுதி வைத்திருக்கிறார். காட்டெருமை ஒன்றைச் சுட்டுக் காயப்படுத்திவிட்டார். கையிலிருந்த குண்டுகள் அனைத்தும் தீர்ந்துபோயின. எருமை சாகவில்லை, அவரை நோக்கி வரலாயிற்று. சட்டைப் பையில் இருந்தவை ஆறு பென்ஸ் வெள்ளி நாணயங்கள் சில. அவற்றைத் துணியிற் சுருட்டிக் குழலில் இட்டு, இரட்டிப்பு மருந்துடன் அதன் நெற்றியிற் சுட்டார். எருமை வீழ்ந்தது, முற்றாக இறக்கவில்லை, அவர் தப்பினார். சால் இல்லாத வழுக்குக் குழலின் நன்மை இது: ஈயமாயினும் வெள்ளியாயினும் வாய்க்குள் அடங்குவது எதுவாயினும் அது துப்பும். ஆயினும் அச்சம்பவத்திற்குப் பின் வழுக்குக் குழல் துப்பாக்கிகளை அவர் ஒரு பொருளாக மதிக்கவில்லை என்பது அவருடைய நூலை வாசிப்போருக்குத் தெரியும். அதே மின்னேரியா இன்று தேசிய வனம். கோடையிலே குளம் வற்றும்போது அங்கு யானைகள் நூற்றுக்கணக்கிற் கூடுவதைப் பார்க்கப் பிறநாட்டார் வருகின்றனர்.

காட்டுக் காய்ச்சல் அவரையும் பிடித்தது. உடல் தேறுவதற்காக நுவரெலியாவுக்குச் சென்றார். அந்தக் குளிரும் வெட்டவெளியும் அவரை மயக்கின. ஆங்கிலக் கிராமம் ஒன்றை அப்படியே பெயர்த்து மலைமேல் நட்டுவிடலாம் என்று துணிந்து சீமைக்கு மீண்டார். 1848 செப்ரெம்பரில், குடும்பத்தார், உழவர், கொல்லர், குதிரைகள், வேட்டைநாய்கள், உயர்சாதிப் பசு, கமக் கருவிகள் ஆகிய அனைத்துடனும் ஏர்ல் ஒவ் ஹார்விக் என்னுங் கப்பலில் மீண்டும் இலங்கைக்குப் புறப்பட்டார்.

1848 என்ற ஆண்டை வாசித்த மாத்திரத்தில், எங்கள் மாத்தளைச் சாலையோரம் வாழ்வோருக்கு நினைவு வருவது பேக்கர் அல்லர். தேசாதிபதி டொறிங்டன் பிரபு அவ்வாண்டிற் புதிய வரிகளை விதித்தார். துப்பாக்கி ஒன்றுக்கு ஆண்டுக்கு இரண்டரை சிலிங் அனுமதிக் கட்டணம். நாய்க்கு ஒரு வரி. கடைக்கு ஒரு வரி. தெருவிலே ஆண்டுக்கு ஆறு நாள் வேலை, அன்றேல் அதற்கீடாகப் பணம். 1848 ஜூலை 6-இல் மக்கள் ஆயிரக்கணக்கிற் கண்டிக் கச்சேரி முன் திரண்டனர். அம்மாத இறுதியில் தம்புள்ளையிலே கொங்காலேகொட பண்டாவுக்கு முடிசூட்டினர். படை மாத்தளைக்குள் இறங்கியது. சில நாட்களுக்குள் கிளர்ச்சி அடக்கப்பட்டது. புரன் அப்பு ஓகஸ்ட் 8-இற் கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். பண்டா கசையடிபட்டு மலாக்காவுக்கு நாடுகடத்தப்பட்டார். துப்பாக்கிக்கும் நாய்க்கும் இட்ட வரியால் ஒரு நாடு கொதித்தடங்கிய அடுத்த மாதத்திலே, பெருந்துப்பாக்கிகளின் பிரியரும் வேட்டைநாய்க் கூட்டத்தின் எசமானருமான ஒருவர் அந்நாட்டுக்குக் கப்பலேறினார். இதில் அவருடைய குற்றம் ஒன்றுமில்லை. இரண்டரை சிலிங் அவருக்கு ஒரு பொருட்டுமன்று. கண்டிக் குடியானவனுக்கோ அது பன்றியிடமிருந்து குரக்கனைக் காத்த பழந்துப்பாக்கியை வைத்திருப்பதா கைவிடுவதா என்ற கேள்வியாயிற்று.

அக் குடியானவனின் துப்பாக்கியை இழிவாக எண்ணுதல் தவறு. துப்பாக்கித் தொழிலிற் சிங்களக் கொல்லர் அடைந்திருந்த திறமையைப் போர்த்துக்கேய ஆசிரியர்களே வியந்து எழுதினர். கண்டிக் காலத்துத் துப்பாக்கிகளைச் சேகரிப்போர் தூரத்திலேயே இனங்கண்டுகொள்வர். பொறி, பிற நாட்டு வழக்கத்துக்கு மாறாக, இடது பக்கத்தில் இருக்கும்; அடிக்கட்டை இரண்டாகப் பிளந்து சுருள் சுருளாகச் செதுக்கப்பட்டிருக்கும்; யானைத் தந்தமும் வெள்ளியும் பதித்திருப்பர். கால் ஊன்றிச் சுடும் கொடித்துவக்கு என்ற பெருவாய் வகையும் அவர்களிடம் இருந்தது. அப்பெயர் இன்றும் குடும்பப் பெயராக வழங்கிவருகிறது. இவ்விடத்தில் லெவுக்கே திசாவையின் பீரங்கியையும் குறிப்பிடாமற் செல்ல மனம் வரவில்லை. வெண்கலத்தில் வார்த்துப் பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் இழைத்த அந்தச் சிறு பீரங்கியை 1765-இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையிலிருந்து எடுத்துச் சென்றனர். 1800 முதல் அது நெதர்லாந்து அரும்பொருட்சாலையின் சொத்தாய் இருந்தது. 2023-இல் அதனை இலங்கைக்குத் திருப்பித் தந்தனர். ஒரு துப்பாக்கியைச் சேகரித்தல் என்பது சில வேளைகளில் ஒரு நாட்டைச் சேகரித்தலுமாகும் என்று அச்செய்தியை வாசித்த அன்று என் கொப்பியின் ஓரத்தில் எழுதினேன்.

நுவரெலியாவிலே பேக்கரின் ஆங்கிலக் கிராமம் நினைத்தவாறு அமையவில்லை. ஏக்கருக்கு இருபது சிலிங் வீதம் அரசினரிடம் வாங்கிய மகாகஸ்தோட்டை நிலம் பார்வைக்கு அழகாயிருந்ததேயன்றி வளமாயிருக்கவில்லை. உருளைக்கிழங்கைப் புழுத் தின்றது. மந்தைகளை நோய் கொண்டுபோயிற்று. அவருடைய குதிரைக்காரன் குடிவெறியில் வண்டியைப் பள்ளத்திற் கவிழ்த்ததுடன் அமையாது, ஒரு யானையையும் மலைமேல் ஓட்டோட்டென்று ஓட்டிக் கொன்றுவிட்டான். பேக்கர் இவற்றையெல்லாம் சிரித்துக்கொண்டே எழுதுகிறார். பிடித்த கருமத்தை விடாது மண்ணுக்கு எருவிட்டுப் பயிர்செய்து காட்டினார். அம்மலைநகரின் இன்றைய தோற்றத்திற்கு அவரும் ஒரு காரணர் என்பதை மறுக்க முடியாது.

வேட்டைக்கு மாத்திரம் குறைவிருக்கவில்லை. மரை வேட்டைக்கு அவர் துப்பாக்கி எடுப்பதில்லை. நாய்களுடன் மலையேறி, ஆற்றிலே நாய்களால் மறிக்கப்பட்டு நிற்கும் மரையை இடுப்பளவு குளிர்நீரில் இறங்கிக் கத்தியாற் குத்துவார். கோழை என்று அவரை ஒருவரும் சொல்ல இயலாது. யானைக்கே துப்பாக்கிகள். அவருடைய தொகுதியில் ஆறு இருந்தன: நாம் முன்னர்க் கண்ட 21 இறாத்தல் நான்கு அவுன்சுத் துப்பாக்கி ஒன்று, 16 இறாத்தல் இரண்டு அவுன்சுத் துப்பாக்கி ஒன்று, ஒவ்வொன்றும் 15 இறாத்தல் நிறையுள்ள 10-ஆம் எண் இரட்டைக்குழல்கள் நான்கு. கூட்டிப் பார்த்தால் 97 இறாத்தல். எல்லாம் வாய்வழியே மருந்து இடுபவை. ஒரு முறை சுட்டபின் மருந்தும் துணியும் குண்டும் இட்டுக் கோலால் இடித்து முடிப்பதற்குள் யானை நின்றுகொண்டிருக்காது. ஆகையால் நிறைத்த துப்பாக்கிகளைத் தாங்கிய ஆட்கள் அவர் பின்னே நெருங்கி நடப்பர். சுட்டதை ஒரு கை வாங்க, நிறைத்ததை மற்றொரு கை நீட்டும். யானைக்கு அண்மையிற் சென்று, பத்து யார் தூரத்திலே, நெற்றிப் பள்ளத்தைக் குறிபார்ப்பது அவர் முறை. பின்னே நிற்பவன் அஞ்சித் துப்பாக்கியுடன் ஓடிவிட்டால் முன்னே நிற்பவரின் கதி அதோகதி. அங்ஙனம் ஓடாது நின்றவர்களுடைய துணிவை, அவர்கள் கையில் எதிர்த்துச் சுடும் உரிமை இல்லாமையால், வெறுங்கைத் துணிவென்றே நான் கொள்வேன்.

1851-இல் அவரும் தம்பியார் வலன்ரைனும் நண்பர் இருவரும் மூன்று வாரம் காட்டிற் கழித்தனர். அம்மூன்று வாரத்தில் வீழ்ந்த யானைகள் ஐம்பது. பேக்கரின் பங்கு 22. இத்தொகையைக் கண்டு திகைப்பவர், அவருக்கு முன்னர்ப் பதுளையில் உத்தியோகம் பார்த்த மேஜர் றொஜர்ஸ் என்பவர் 1,400-க்கு மேல் வீழ்த்தினார் என்பதையும் அறிந்துகொள்ளவேண்டும். றொஜர்ஸ் 1845 ஜூன் 7-இல் ஹப்புத்தளையிலே இடி விழுந்து மாண்டார். நுவரெலியாவில் உள்ள அவர் கல்லறையும் பின்னர் இடியால் வெடித்தது. ஊரார் அதற்கொரு காரணம் சொல்வர். அரசினரும் சும்மா இருக்கவில்லை. யானைத் தலைக்கு இத்தனை சிலிங் என்று பரிசு வைத்தனர். வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம், 1848-க்கு முந்திய மூன்று ஆண்டிற்கும் குறைந்த காலத்துள், 3,500 யானைகளுக்குப் பரிசு கோரப்பட்டதாகவும், தென் மாகாணத்தில் 1851 முதல் 1856 வரை 2,000 யானைகளுக்குப் பணம் கொடுக்கப்பட்டதாகவும், குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் ரெனன்ற் எழுதியுள்ளார். 2011-இல் இலங்கை முழுவதிலும் எண்ணப்பட்ட யானைகள் 5,879. இரண்டு கணக்கையும் பக்கத்திற் பக்கத்தில் எழுதிப் பார்த்த இரவு, என் கொப்பியைச் சில மாதங்களுக்கு மூடி வைத்துவிட்டேன்.

மூடிய கொப்பியைத் திறப்பித்தது இந்தச் சாலைதான். அதே 1840-களிலே தென்னிந்தியத் தமிழர் கோப்பித் தோட்டங்களை நோக்கி ஆண்டுதோறும் பல்லாயிரக்கணக்கில் வந்துகொண்டிருந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டுவழியைக் கடந்து, தம்புள்ளையும் மாத்தளையும் தாண்டிக் கண்டிக்கு நடந்தனர். மாத்தளைக்கு இரயில் வந்தது 1880-இல். அதுவரை என் வீட்டின் முன்னாற் சென்றது அந்தக் கால்நடைக் கூட்டம். என் முன்னோரும் அதில் ஒருவராக இருந்தனர். காய்ச்சலாலும் பேதியாலும் வழியில் வீழ்ந்தோர் பலர். யானையும் கரடியும் உலவிய காட்டை அவர்கள் கடந்தது துப்பாக்கியின்றி. நுவரெலியாவில் இருந்துகொண்டு அதே தீவின் காடுகளைத் தேடித் தேடிச் சென்ற ஒரு துரையின் சரிதமும், அக்காட்டை விரைவிற் கடந்துவிட வேண்டுமென்று நடந்தவர்களின் கதையும் ஒரே பத்தாண்டிற்குரியவை. முன்னதற்கு அழகிய இரு நூல்கள் உண்டு. பின்னதற்குப் பேக்கரைப்போல எழுதுபவர் எவரும் வாய்க்கவில்லை.

1855-இற் பேக்கர் உடல்நலங் குன்றி இலங்கையை விட்டார். அவ்வாண்டின் இறுதியிலே, பிரான்சு நாட்டின் பிரனீஸ் மலையடியில், மனைவியார் ஹென்றியேற்றா காய்ச்சலால் இறந்தார். நான்கு பெண் குழந்தைகளைச் சகோதரியிடம் ஒப்படைத்துவிட்டு, நிலைகொள்ளாது சில ஆண்டுகள் அலைந்தார். 1859-இல், நாடிழந்த பஞ்சாப் மகாராசா துலீப் சிங்குடன் தன்யூப் நதிவழியே வேட்டைக்குச் சென்றபோது, விடின் நகரத்து அடிமைச் சந்தையில் ஒரு பெண்ணைக் கண்டார். ஹங்கேரி நாட்டிலிருந்து அநாதையாய் வந்தவள். அவளை அங்கிருந்து மீட்டுக்கொண்டு வந்தார். அவரே பின்னாளில் அவருக்கு மனைவியாகி, நைல் நதி வழியெங்கும் உடன் நடந்த புளோரன்ஸ் அம்மையார். இவ்விருவரின் சரிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். துப்பாக்கி இல்லாத பகுதியும் இதுதான்.

1861-இல் ஆபிரிக்கப் பயணம் தொடங்கிற்று. ரெய்லி செய்த 10-ஆம் எண் இரட்டைக்குழல்களும், குளோஸ்ரர்த் தொழிலாளர் பிளெச்சர் செய்த 24-ஆம் எண் சிறு துப்பாக்கியும் உடன் சென்றன. ஆனால் கதையாய் நின்றது மற்றொன்று. இலண்டன் ஹொலண்ட் கம்பனியார் செய்த, அரை இறாத்தல் வெடிகுண்டு செலுத்தும் ஒற்றைக்குழல். ஓர் இறாத்தலுக்கு இரண்டே குண்டு. எனவே 2-ஆம் எண். நிறை 20 இறாத்தல். பேக்கர் அதற்குக் குழந்தை என்று வேடிக்கையாகப் பெயரிட்டார். அராபியர் அதனைப் பீரங்கியின் பிள்ளை என்றனர். உதைப்பினால் அவரையே பம்பரம்போற் சுழற்றிவிடும் அதற்கு, அவரும் அஞ்சினார். அதைச் சுட்ட சில தடவைகளில் ஒன்றேனும் வீணாகவில்லை என்று எழுதியவர், அதைச் சுட விரும்பவில்லை என்றும் ஒளியாது எழுதினார்.

அங்கே அவர் கற்றது ஒன்றுண்டு. இலங்கை யானையின் நெற்றியிற் செல்லும் குண்டு மூளையை எட்டும். ஆபிரிக்க யானையின் தலையமைப்பு வேறு. அது எதிர்த்து வரும்போது தலையை நிமிர்த்திப் பிடிக்கும் நிலையும் வேறு. நுவரெலியாவில் எட்டாண்டு பழகிய குறி அங்குப் பயன்படவில்லை. பெரிய துப்பாக்கியைக் காட்டிலும் பெரிய துப்பாக்கி வேண்டியிருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு நாட்டில் உண்மையாயிருந்தது மற்றொரு நாட்டிற் பிழையாவதை அவர் தயங்காது ஒப்புக்கொண்டு அச்சிட்டார். விலங்கை இவ்வளவு கூர்ந்து நோக்கிய கண் அக்கால வேட்டைக்காரருள் அரிது.

1864 மார்ச் 14-இல் அல்பேட் ஏரியைக் கண்டார். 1866-இற் சேர் பட்டம். 1869 முதல் 1873 வரை எகிப்திய கெதீவ் இஸ்மாயிலின் ஊழியத்தில், மேல் நைல் நாட்டிற் பாசாவாக இருந்து அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் படை நடத்தினார். அடிமைச் சந்தையில் மனைவியைக் கண்டெடுத்தவர் அக்கருமத்தை மேற்கொண்டது வியப்பன்று. எகிப்தின் எல்லையை விரிக்கும் வேலையும் அதனோடு பிணைந்திருந்தது. அவருடைய வெற்றி நிலைக்கவுமில்லை. இப்பகுதியைப் பிறர் விரிவாக எழுதியிருப்பதால் நான் சுருக்கமாகக் கடக்கிறேன்.

முதுமையில் டெவன் நாட்டு மாளிகையிற் குடியிருந்தார். குளிர்காலங்களிற் பெரும்பாலும் கீழைநாடுகளுக்குச் செல்வார். 1890-இல் வெளிவந்த கடைசிப் பெருநூலில், தாம் வாழ்நாளிற் கையாண்ட துப்பாக்கிகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பேசுகிறார். பத்தொன்பது வயதிற் செய்வித்த 21 இறாத்தலும் அதில் வருகிறது. அதே நூலில் அவர் மெச்சுவது யாதென்று எண்ணுகிறீர்கள்? பெரடொக்ஸ் என்ற 12-ஆம் எண் ரவைத் துப்பாக்கி. போஸ்பெறி என்ற படைத்தலைவர் 1885-இற் கண்டது. குழல் முழுவதும் வழுவழுப்பாயிருக்க, வாயோரத்தில் மாத்திரம் சால் வெட்டியிருக்கும். ரவையும் குண்டும் இரண்டுஞ் செல்லும். வழுக்குக் குழலை ஒரு காலத்தில் ஏறெடுத்தும் பாராதவர் அறுபத்தொன்பதாம் வயதில் அதனிடமே திரும்பி வந்தார். அதன் நிறை ஏழெட்டு இறாத்தல்தான். 1893 டிசெம்பர் 30-இற் காலமானார்.

சென்ற தவணையில் துப்பாக்கி எண்ணின் கணக்கை வகுப்பிற் படிப்பித்தபின், 21 இறாத்தல் என்பது எவ்வளவு பாரம் என்று மாணவர் அறியட்டும் என எண்ணி, பக்கத்துக் கடையில் ஒன்பதரைக் கிலோ அரிசியை நிறுத்துச் சாக்கிற் கட்டிக் கொண்டுவந்தேன். ஒவ்வொருவராகத் தோளில் ஏற்றிப் பார்த்தனர். முன்வாங்கில் இருந்த ஒரு மாணவி ஏற்றவில்லை. துரை நடக்கும்போது இதைத் தூக்கி வந்தவர் யார், அவருக்குப் பெயர் என்ன என்று கேட்டாள். பின்னே நடந்த ஆட்களைப்பற்றிச் சொன்னேன். அது போதவில்லை என்பது அவள் முகத்திலே தெரிந்தது. அன்று மாலை கொப்பியை எடுத்து, செய்தவர், எண், நிறை, ஆண்டு என்ற நான்கு பத்திகளுக்கும் அப்பால், சுமந்தவர் என்று ஐந்தாவது பத்தி ஒன்றைக் கோடிட்டேன். பேக்கரின் இரண்டு இலங்கை நூல்களையும் இப்பொழுது அப்பத்திக்காகத் திரும்ப வாசித்து வருகிறேன்.